கமடோ தஞ்சிரோ

கமடோ தஞ்சிரோ, ஜப்பானிய ஓவியர் கொத்தோகே கொயோஹாரு எழுதி வரைந்த ‘கிமெட்சு நோ யாய்பா’ என்னும் மங்காத் தொடரின் கதைத்தலைவன். மங்கா என்பது ஜப்பானில் வார, மாத இதழ்களில் தொடராக வெளிவந்து, பின்னர்த் தொகுதிகளாக அச்சேறும் சித்திரக்கதை வகையாகும். இத்தொடர் ஜப்பானுக்கு வெளியே ‘டீமன் ஸ்லேயர்’ என்னும் ஆங்கிலப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. மலையில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பத்தின் மூத்த மகனான தஞ்சிரோ, ஒரே இரவில் தாயையும் உடன்பிறந்தார் நால்வரையும் அரக்கனுக்குப் பறிகொடுத்து, அரக்கியாக மாறிவிட்ட தங்கை நெசுகோவை மீண்டும் மனுஷியாக்கும் வழிதேடி வாளேந்துகிறான். அரக்கரைக் கொல்வதையே தொழிலாக ஏற்றபின்னும், கொல்லப்படுபவரும் ஒருகாலத்தில் மனிதராக இருந்தவரே என்பதை மறவாதிருப்பது இப்பாத்திரத்தின் தனியியல்பு. இவ்விரக்கம் பிறவிக் குணமாகக் காட்டப்பட்டாலும், தங்கையைக் காக்கும் கடமையே அதற்கு அடிப்படையாக அமைகிறது; தன் தங்கை மனிதத்தன்மையை இழந்துவிடவில்லை என்று வாதாடும் ஒருவன், அதே கேட்டுக்கு ஆளான பிறரை வெறும் விலங்கென ஒதுக்கிவிட இயலாது.

உருவாக்கமும் வெளியீடும்

கொத்தோகே கொயோஹாரு என்பது புனைபெயர். முகம் காட்டாமலே எழுதிவரும் இவ்வாசிரியர், 2013இல் ‘ககாரிகாரி’ என்னும் தனிக்கதையின் வழியாக அறிமுகமானார். அரக்கரை வேட்டையாடும் வீரரைப் பற்றிய அவருடைய தொடக்கக்காலத் திட்டமொன்றில் கதைத்தலைவன் பார்வையையும் உறுப்புகளையும் இழந்தவனாக அமைக்கப்பட்டிருந்தான். இத்துணை இருண்ட பாத்திரம் இளம் வாசகரிடையே எடுபடாது என்று இதழாசிரியர் குழு கருதியதால், எளிய குடும்பத்தைச் சேர்ந்த கரி விற்கும் சிறுவன் அந்த இடத்தைப் பெற்றான். தொடர் ஷூயிஷா நிறுவனத்தின் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 2016 பிப்ரவரி முதல் 2020 மே வரை 205 அத்தியாயங்களாக வெளிவந்து, 23 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. யூஃபோடேபிள் நிறுவனம் தயாரித்து, சொதோசாகி ஹருவோ இயக்கிய அசைவூட்டத் தொடர் 2019 ஏப்ரலில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதில் தஞ்சிரோவுக்குக் குரல் கொடுத்தவர் ஹனாயே நட்சுகி.

காலப் பின்புலம்

கதை தைஷோ காலத்தில், அதாவது 1912 முதல் 1926 வரை நீடித்த பேரரசர் தைஷோவின் ஆட்சிக்காலத்தில் நிகழ்கிறது. மின்விளக்கும் தொடர்வண்டியும் மேலைநாட்டு உடையும் நகரங்களை மாற்றிக்கொண்டிருந்த வேளையில், மலைச்சிற்றூர்கள் பழைய வாழ்க்கையிலேயே நிலைத்திருந்தன. தோக்கியோவின் அசகுசா வட்டாரத்தை முதன்முறை காணும் தஞ்சிரோ, இரவைப் பகலாக்கும் விளக்குகளையும் நெரிசலையும் கண்டு தலைசுற்றிப் போகிறான். குடும்பத்தைக் கொன்ற கிபுட்சுஜி முசானை அவன் கண்டறிவதும் அதே வட்டாரத்தில்தான். அரக்கர் அனைவருக்கும் மூலமான முசான், அங்கு மேலைநாட்டு உடையணிந்து, கையில் குழந்தையுடனும் அருகில் மனைவியுடனும் நிற்கிறான்.

பொதுவிடங்களில் வாள் அணிவது 1876ஆம் ஆண்டின் ஆணையால் தடைசெய்யப்பட்டிருந்தமையால், தஞ்சிரோ சேரும் அரக்கர் ஒழிப்புப் படை அரசின் ஏற்பைப் பெறாத மறைவான அமைப்பாகவே இயங்குகிறது. தொடர்வண்டி நிலையத்தில் காவலரைக் கண்டு அவனும் தோழரும் ஓட நேர்வதற்கு இதுவே காரணம். மக்களுக்காக உயிரைப் பணயம் வைக்கும் இளைஞர்கள் அம்மக்களாலும் சட்டத்தாலும் அறியப்படாதவர்களாகவே மடிகின்றனர் என்பது கதையுலகின் கொடுமைகளுள் ஒன்று.

கதைப்போக்கு

தந்தை தஞ்ஜூரோ நோயால் இறந்தபின் குடும்பச் சுமையை ஏற்ற தஞ்சிரோ, பதின்மூன்று வயதில் பனிக்காலத்தில் கரி விற்க ஊருக்கு இறங்கி, இருட்டிவிட்டதால் முதியவர் ஒருவர் வீட்டில் தங்குகிறான். விடிந்து திரும்பும்போது வீட்டார் குருதியில் கிடக்கின்றனர். உயிரோடு எஞ்சிய நெசுகோ, முசானின் குருதி உடலிற் கலந்ததால் அரக்கியாகிவிட்டாள். அவளைக் கொல்ல வந்த படைவீரன் தொமியோகா கியூ, பசியால் வெறிகொண்ட நிலையிலும் அவள் அண்ணனை மறைத்துக் காத்து நிற்பதைக் கண்டு மனம் மாறி, இருவரையும் தன் ஆசான் உரொக்கொதாகி சகொஞ்சியிடம் அனுப்புகிறான். அங்கு ஏறத்தாழ ஈராண்டு பயிற்சி பெற்று, பெரும்பாறை ஒன்றை வாளால் பிளந்தபின், படையின் இறுதித் தேர்வில் வென்று அவன் வீரனாகிறான்.

பகலொளி அரக்கரைச் சாம்பலாக்கும் என்பதால், வாயில் மூங்கில் கட்டிய நெசுகோவை மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்தே அவன் ஊர் ஊராகச் செல்கிறான். செனிட்சு, இனோசுகே என்னும் இரு வீரர்கள் அவனுக்குத் தோழராகின்றனர். அரக்கியைப் படைக்குள் வைத்திருந்த குற்றத்துக்காக அவன் ‘தூண்கள்’ எனப்படும் தலைமை வீரர் ஒன்பதின்மர் முன் நிறுத்தப்படும்போது, நெசுகோ எவரையேனும் உண்டால் தஞ்சிரோவோடு தாமும் கியூவும் வயிறு கிழித்து உயிர்விடுவதாக உரொக்கொதாகி எழுதிய கடிதம் படிக்கப்படுகிறது. இரக்கம் என்பது வெறும் சொல்லாக நில்லாமல், அதற்காகப் பிறரும் உயிரை ஈடுவைக்கும் பொறுப்பாக மாறுவதை இக்காட்சி காட்டுகிறது. பல போர்களுக்குப் பின், முசான் விடியலின் ஒளியில் அழிகிறான். சாகுந்தறுவாயில் அவன் தஞ்சிரோவையே அரக்கனாக்கிவிட, அதற்குள் மனுஷியாகிவிட்ட நெசுகோ அவனைக் கட்டிப்பிடித்துத் தடுக்க, சக வீராங்கனை கனாவோ உயிரைப் பொருட்படுத்தாது செலுத்தும், அரக்கரை மனிதராக்கும் மருந்தால் அவன் மீள்கிறான்.

போர்முறை

அரக்கரின் காயங்கள் உடனுக்குடன் ஆறிவிடும் என்பதால், கதிரொளி நிறைந்த கனிமத்தால் வார்க்கப்பட்ட நிச்சிரின் வாளால் கழுத்தை அறுப்பதே அவர்களை வீழ்த்தும் வழி. மனிதவலிமை இதற்குப் போதாமையால், வீரர்கள் ‘மூச்சுமுறை’ என்னும் பயிற்சியைக் கைக்கொள்கின்றனர். நுரையீரலைப் பெருக்கி, குருதியோட்டத்தைக் கூட்டி, உடலாற்றலை உச்சநிலையில் நிறுத்துவது இதன் நுட்பம். தஞ்சிரோ முதலில் கற்பது பத்து அடவுகள் கொண்ட நீர் மூச்சுமுறை. அவனுக்கே உரியதோ, நோயாளியான தந்தை ஆண்டுதோறும் தீக்கடவுளுக்காகப் பனியில் விடியும்வரை ஆடிய கூத்து. அதுவே மறைந்துபோன கதிரவ மூச்சுமுறை என்பது பின்னர்த் தெரியவருகிறது. வீட்டு வழிபாடாகத் தந்தையிடம் கண்ட ஆட்டமே போர்க்கலையாக மாறுவதால், இறந்த குடும்பம் அவன் ஒவ்வொரு வீச்சிலும் உடனிருக்கிறது. மிகக்கூரிய மோப்பத்திறனும் அவனுக்கு உண்டு. எதிரியின் இருப்பிடத்தை மட்டுமன்றி, அவர் மனத்தில் உள்ள துயரையும் அவன் மணத்தால் அறிகிறான்.

இரக்கமும் கடமையும்

முரசுகளை அடித்து வீட்டையே சுழற்றும் கியோகாயி என்னும் அரக்கனோடு நடக்கும் போர், தஞ்சிரோவின் இயல்பை மிக நெருக்கமாகக் காட்டுகிறது. மனிதனாக இருந்தபோது எழுத்தாளனாக விரும்பிய கியோகாயி, தன் எழுத்தைக் குப்பையென்று இகழ்ந்து தாள்களை மிதித்தவனைக் கொன்றவன். போரின் நடுவே அத்தாள்கள் தரையெங்கும் சிதறும்போது, விலா எலும்பு முறிந்த வலியிலும் தஞ்சிரோ அவற்றை மிதிக்காமல் காலை மாற்றி வைக்கிறான். அந்தக் காலடி மாற்றமே காயத்தை நோகச்செய்யாமல் மூச்சுவிடும் வகையை அவனுக்குக் கற்றுத்தந்து வெற்றிக்கு வழிவகுக்கிறது. வெட்டுண்ட தலையாகக் கிடக்கும் கியோகாயி தன் ஆற்றல் எப்படியிருந்தது என்று கேட்க, அது வியக்கத்தக்கது என்றும், ஆயினும் மக்களைக் கொன்றதை மன்னிக்க இயலாது என்றும் தஞ்சிரோ விடையளிக்கிறான். பாராட்டும் தீர்ப்பும் ஒரே விடையில் நிற்பது, அவனுடைய இரக்கம் குற்றத்தை மறைப்பதன்று என்பதைத் தெளிவாக்குகிறது.

சிலந்தி மலைப் போரில் மடியும் ருயி, பயமுறுத்திச் சேர்த்த அரக்கர்களைத் தன் குடும்பமென்று நடிக்கச் செய்தவன்; அவன் உடல் கரையும்போது தஞ்சிரோ அவன் முதுகில் கைவைக்கிறான், எஞ்சிய உடையைக் கியூ மிதிக்கும்போது காலை எடுக்கும்படி வேண்டுகிறான். யோஷிவாரா என்னும் பரத்தையர் பகுதியில் எதிர்ப்படும் கியூதாரோவும் தாகியும், வறுமையில் பிறந்து ஆதரவின்றி அரக்கரான அண்ணன் தங்கையர். உலகம் இன்னும் சற்றுக் கொடியதாக இருந்திருந்தால் தானும் நெசுகோவும் அடைந்திருக்கக்கூடிய நிலை அது என்று தஞ்சிரோ உணர்கிறான். வெட்டுண்ட இரு தலைகளும் ஒருவரையொருவர் பழித்துச் சண்டையிட, உடன்பிறப்பை வெறுக்கும் சொல்லைக் கியூதாரோ முடிக்குமுன் அவன் வாயைத் தஞ்சிரோ பொத்துகிறான்.

மூத்த மகன் என்னும் நிலை

தன் உறுதிக்குத் தான் மூத்த மகனாக இருப்பதையே தஞ்சிரோ அடிக்கடி காரணமாகக் கூறிக்கொள்கிறான். இரண்டாமவனாகப் பிறந்திருந்தால் போர்க்காயங்களின் வலியைத் தாங்கியிருக்க முடியாது என்று அவன் எண்ணும் இடம் நகைச்சுவையாக அமைந்தாலும், அதற்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1898ஆம் ஆண்டின் குடிமைச் சட்டம் குடும்பத்தலைமையும் சொத்தும் பொதுவாக மூத்த மகனுக்குச் சேரும் முறையை நிலைநிறுத்தியிருந்தது. அது இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் நீக்கப்பட்டது. எனவே மூத்தவன் என்னும் சொல் அக்காலச் சிறுவனுக்கு உரிமையையும் சுமையையும் ஒருங்கே குறித்தது. இச்சுமையின் விலை, கதையில் தொடர்வண்டியில் நிகழும் பகுதியில் வெளிப்படுகிறது. அங்கு அரக்கன் ஊட்டும் கனவில் தாயும் தம்பி தங்கையரும் உயிரோடிருக்க, அது பொய்யென்று தெரிந்துகொண்ட தஞ்சிரோ, அழுதுகொண்டு பின்தொடரும் கடைசித் தம்பியைத் திரும்பிப் பாராமல் ஓடி, விழித்தெழுவதற்காகக் கனவில் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறான்.

ஏற்பும் தாக்கமும்

2020 அக்டோபரில் வெளியான ‘முகென் தொடர்வண்டி’ திரைப்படம், ஜப்பானில் 2001 முதல் ‘ஸ்பிரிட்டட் அவே’ வகித்துவந்த வசூல் முதலிடத்தை அவ்வாண்டு இறுதியிலேயே கைப்பற்றி, பின்னர் 4,000 கோடி யென்னைக் கடந்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரதமர் சுகா யோஷிஹிதே நாடாளுமன்றத்தில் விடையளிக்கும்போது மூச்சுமுறையைச் சுட்டும் தொடரொன்றைக் கையாண்டது செய்தியானது. மங்காத் தொகுதிகளின் படிகள் 2021இல் 15 கோடியைத் தாண்டின. தஞ்சிரோ அணியும் பச்சை, கறுப்புக் கட்டங்களிட்ட மேலங்கியின் கோலத்தை வணிகக்குறியாகப் பதிவுசெய்ய ஷூயிஷா முயன்றபோது, அது நெடுங்காலமாகப் பொதுவழக்கில் உள்ள இச்சிமாட்சுக் கட்டமே என்ற நிலையில் காப்புரிமை அலுவலகம் 2021இல் மறுத்தது. ஜப்பானியப் படைக்கொடியான உதயசூரியக் கொடியை நினைவூட்டுவதாக எதிர்ப்பு எழுந்த அவனது காதணிகளின் கோலம், தென்கொரியா போன்ற நாடுகளுக்கான பதிப்புகளில் மாற்றப்பட்டது. ‘முடிவிலிக் கோட்டை’ வரிசையின் முதல் திரைப்படம் 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலாக்கத்துடனும் இந்தியத் திரையரங்குகளில் வெளியானது.

மதிப்பீடு

சிறுவருக்கான மங்காக்களின் தலைவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டத்தையோ முதலிடத்தையோ நாடிப் புறப்படுகின்றனர். ‘ஒன் பீஸ்’ லூஃபி கடற்கொள்ளையர் வேந்தனாக விரும்புகிறான், நருடோ தன் ஊரின் தலைமைப் பதவியை விரும்புகிறான். தஞ்சிரோவுக்கு அத்தகைய வேட்கை இல்லை. இழந்ததில் எஞ்சியதைக் காப்பதும், அவ்விழப்பு பிறர்க்கு நேராதபடி தடுப்பதுமே அவன் நோக்கம். அதனால் அவன் வெற்றி பரிசாக எதையும் ஈட்டித் தருவதில்லை. ஒரு கண்ணின் பார்வையும் ஒரு கையின் இயக்கமும் போனபின் அவன் மலைவீட்டுக்குத் திரும்புகிறான்.

அவனது இரக்கத்துக்கும் எல்லை உண்டு. தன்னால் நேர்ந்த சாவுகளை வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைப் பேரிடராகக் கருதி மறந்துவிடுமாறு முசான் கூறும்போது, தஞ்சிரோவின் முகத்தில் சினமும் வற்றிவிடுகிறது. இருக்கத்தகாதவன் என்று மட்டும் அவன் தீர்ப்பளிக்கிறான். கியோகாயி, ருயி, கியூதாரோ ஆகியோரிடம் தஞ்சிரோ கண்டறிந்தது, அவர்கள் இழந்துவிட்டும் முற்றிலும் மறவாத மனித உறவு. முசானோ எவரையும் இழந்து வருந்தியவனல்லன், கொன்றவர்களைக் கணக்கில் கொண்டவனுமல்லன். அரக்கத்தன்மை உடலின் மாற்றத்தில் இல்லை, பிறர் துயரைப் பொருட்படுத்தாமையிலேயே உள்ளது என்னும் இத்தொடரின் கருத்து இவ்விடத்தில் முழுமை பெறுகிறது. தங்கையை அரக்கியென்று தஞ்சிரோ ஒருபோதும் ஒதுக்காததும், முசானுக்காக இரங்காததும் அந்த ஒரே அளவுகோலின்படியே.