ஒரு கிராமத் தலைவரும் 15.5 மீட்டர் சுவரும்

சுனாமி என்பது ஜப்பானியச் சொல். 2004 டிசம்பர் 26-க்கு முன்பு தமிழர்களில் பலர் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் ஜப்பானின் வடகிழக்கில் உள்ள சன்ரிக்கு கடற்கரை மக்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சொல். அந்தக் கடற்கரையில், இவாத்தே மாகாணத்தில், ஃபுடாய் என்று ஒரு சின்ன மீனவக் கிராமம் இருக்கிறது. மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு, அதன் கரையில் வீடுகள், பள்ளிக்கூடங்கள், ஆறு முடியும் இடத்தில் கடல். 2011-ல் அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 3,000 பேர்.

அந்த ஊருக்கு 40 ஆண்டுகள் தலைவராக இருந்தவர் கோதோகு வாமுரா. 1909-ல் பிறந்தவர். 1947 முதல் 1987 வரை தொடர்ந்து பத்து முறை தேர்தலில் வென்றவர். 1997-ல் தமது 88-வது வயதில் காலமானார். தேசியத் தலைவர் இல்லை, அமைச்சரும் இல்லை. ஜப்பானிலேயே பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது. அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்துத்தான் உலகப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு அலைகள்

1896 ஜூன் 15 அன்று சன்ரிக்கு கடற்கரையை ஒரு சுனாமி தாக்கியது. சுமார் 22,000 பேர் இறந்தார்கள். 37 ஆண்டுகள் கழித்து, 1933 மார்ச் 3 அன்று, இன்னொன்று வந்தது. அதில் சுமார் 3,000 பேர் போனார்கள். இந்த இரண்டு அலைகளிலும் சேர்த்து ஃபுடாய் கிராமம் மட்டும் 439 உயிர்களைப் பறிகொடுத்தது.

1933-ல் வாமுரா இருபது வயதைத் தாண்டிய இளைஞர். மண்ணுக்குள் புதைந்து கிடந்த உடல்களைத் தோண்டி எடுப்பதை நேரில் பார்த்தவர். அப்போது பேச வார்த்தையே வரவில்லை என்று பிற்காலத்தில் தமது நினைவுகளில் எழுதினார். தலைவரான பிறகும் அந்தக் காட்சி அவரை விடவில்லை.

ஏன் 15 மீட்டர்?

1960-ல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதில் கிளம்பிய அலை பசிபிக் கடலைக் கடந்து ஜப்பானுக்கே வந்து 140-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகு ஜப்பானின் கடற்கரை ஊர்கள் பலவற்றில் தடுப்புச் சுவர் கட்டும் வேலைகள் வேகம் பிடித்தன. சுவர் வேண்டுமா என்பதல்ல, எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி.

அதே கடற்கரையில் தாரோ என்ற ஊர் சுமார் 10 மீட்டர் உயரத்துக்குச் சுவர் கட்டியிருந்தது. அதுவே பெரிய விஷயம் என்று பேசப்பட்டது. வாமுராவோ 15 மீட்டருக்கு மேல் வேண்டும் என்றார். இந்தக் கணக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஊர்ப் பெரியவர்களிடமிருந்து. 1896-ல் வந்த அலை 15 மீட்டர் உயரம் என்று அவர்கள் சொல்லி வந்தார்கள். ஒருமுறை வந்த உயரத்துக்கு இன்னொரு முறையும் வரும் என்று அவர் நம்பினார்.

1967-ல் ஓத்தானாபே பகுதியில் மீன்பிடித் துறைமுகத்தின் பின்னால் 15.5 மீட்டர் உயரச் சுவர் எழுந்தது. ஆனால் ஊரின் முக்கியப் பகுதி ஆற்றங்கரையில் அல்லவா இருக்கிறது? ஆற்றை அடைத்துவிட முடியாது. அதனால் ஒரு கதவணை வேண்டும் என்றார் வாமுரா. சாதாரண நாளில் ஆறு ஓடும். சுனாமி எச்சரிக்கை வந்தால் கதவுகள் இறங்கிவிடும். அதற்கும் அதே 15.5 மீட்டர் உயரம்தான் கேட்டார்.

எதிர்ப்பு இல்லாமல் இருக்குமா? இவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்டார்கள். நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் மறுத்தார்கள். அந்தப் பணத்தில் ஊருக்கு வேறு எத்தனையோ செய்யலாமே என்றார்கள். வாமுரா ஒவ்வொருவரிடமும் பேசினார், உயரத்தை மட்டும் குறைக்கவில்லை. 1984-ல் வேலை முடிந்தது. அகலம் 205 மீட்டர். செலவு 356 கோடி யென். மாகாண அரசும் மத்திய அரசும் அதைப் பகிர்ந்துகொண்டன.

லாப நட்டக் கணக்கு

இந்தச் செலவை ஒரு கணக்காளர் எப்படிப் பார்ப்பார்? 2011-ல் இருந்த மக்கள்தொகைக்குப் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய 12 லட்சம் யென் வருகிறது. 1984-லிருந்து 27 ஆண்டுகள் அந்தக் கதவணையால் ஒரு யென் வருமானம் கிடையாது. பராமரிப்புச் செலவு உண்டு, ஆண்டுதோறும் தேய்மானம் உண்டு. வரவுப் பக்கம் வெறுமையாகவே இருந்தது. வாமுரா இறந்த 1997-ல் கணக்கை முடித்திருந்தால், "வீண் செலவு" என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

2011 மார்ச் 11 அன்று அந்தக் கணக்கு மாறியது.

பிற்பகலில் நிலம் அதிர்ந்ததும் கதவணையின் பெரிய கதவுகள் தொலைவிலிருந்தே இயக்கி மூடப்பட்டன. வண்டிகள் போகும் வழியில் இருந்த சிறிய கதவு சிக்கிக்கொண்டது. தீயணைப்பு வீரர் ஒருவர் ஓடிப்போய்க் கையாலேயே அதை மூடினார். வந்த அலை கதவணையையும் தாண்டியது. ஆனால் அதன் வேகம் அங்கேயே உடைந்துவிட்டது. தாண்டிய தண்ணீர் பள்ளிக்கூடத்தை எட்டும் முன்பே நின்றுபோனது.

சுவருக்கு வெளியே இருந்த துறைமுகம் நாசமானது, படகுகள் போயின. ஆனால் உள்ளே இருந்த வீடுகள் அப்படியே நின்றன. ஊரில் ஒருவர் மட்டும் காணாமல் போனார். அவர் தமது படகைப் பார்க்கக் கடற்கரைக்குப் போனவர். ஜப்பான் முழுவதும் அன்று இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 18,000-க்கு மேல். 10 மீட்டர் சுவரை நம்பியிருந்த தாரோவில் 150-க்கும் அதிகமானோர் பலியானார்கள்.

சுவர் மட்டும்தானா?

இதைப் படித்துவிட்டு எல்லா ஊருக்கும் உயரமான சுவர் கட்டினால் போதும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஃபுடாய் ஊருக்கு அதன் அமைப்பே ஒரு துணை. இருபுறமும் மலை, நடுவே குறுகிய பள்ளத்தாக்கு. 205 மீட்டரை அடைத்தால் ஊரையே காக்க முடிந்தது. தாரோவின் சுவர்கள் மொத்தம் சுமார் 2.4 கிலோமீட்டர் நீளம். அந்த நீளம் முழுவதும் இன்னும் ஐந்து மீட்டர் உயர்த்துவது என்றால் செலவு எங்கேயோ போய்விடும். சுவர் இருக்கிறதே என்று ஓடாமல் நிற்பவர்களுக்கு அந்தச் சுவரே ஆபத்து. வாமுராவின் சுவரைக் கூட அலை தாண்டியதே!

அப்படியானால் அவரிடம் கற்க வேண்டியது என்ன? ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்கிறவர்கள், அடுத்த தேர்தலுக்குள் கண்ணுக்குத் தெரிகிற வேலையைத்தான் செய்ய விரும்புவார்கள். அது மனித இயல்பு. வாமுராவோ தமது ஆயுளுக்குள் பயன்படாமலே போகக்கூடிய ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். ஓய்வு பெறும்போது, எதிர்ப்பு வந்தாலும் எடுத்த காரியத்தை நம்பிக்கையோடு முடியுங்கள், கடைசியில் மக்கள் புரிந்துகொள்வார்கள் என்ற பொருளில் ஊழியர்களிடம் சொல்லி விடைபெற்றார்.

மக்கள் புரிந்துகொண்டார்கள். 2011-க்குப் பிறகு ஃபுடாய் மக்கள் அவருடைய சமாதிக்குப் போய்க் கைகூப்பி நன்றி சொன்னார்கள். அவர்களில் சிலர், ஒரு காலத்தில் அந்த உயரம் அதிகம் என்று நினைத்தவர்களாகக் கூட இருக்கலாம்.