மேதைச் சிறுவரும் மனவுறுதியும் : கணித அறிஞர் இராமானுசன் வரலாறு தரும் சான்று

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. முளையிலே தெரிந்த பயிருக்கும் நீர் பாய்ச்சுதல் வேண்டும். ஆயினும், அறிவால் மிக்க சிறுவர் பிறர் துணையின்றித் தாமே வளர்ந்துவிடுவர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இக்கருத்துப் பொருந்துமா என்பதைக் கணித மேதை இராமானுசன் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1887ஆம் ஆண்டு ஈரோட்டிற் பிறந்து குடந்தையில் வளர்ந்த இராமானுசன், 1904இல் நகர உயர்நிலைப் பள்ளியிற் கணிதப் பரிசு பெற்றார். இப்புகழினூடே மென்மையான உள்ளம் ஒன்றும் இருந்தது. கோணவியலில் தாமே கண்ட முடிபு முன்னரே பிறரால் அறியப்பட்டது என உணர்ந்தபோது, நாணி, அத்தாள்களை வீட்டுக் கூரையில் மறைத்து வைத்தார் என்பர். கல்லூரியில் ஆங்கிலத்திற் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார். 1905இல் எவரிடமும் கூறாது விசாகப்பட்டினம் சென்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெற்றாரில்லர்.

கணிதப் பித்தே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் எனக் கூறுதல் எளிது. அஃது உண்மையின் ஒரு பகுதியே. குடந்தையில் அவருக்கு அன்னை கோமளத்தம்மாளின் அன்பு இருந்தது. ஆனால் அவர்தம் கணித எண்ணங்களை உடனிருந்து கேட்டு ஒப்ப ஆராய வல்லார் இலர். அன்புத் துணை இருந்தது. அறிவுத் துணை இல்லை என்க.

1911இல் இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்தார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. ஆண்டு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், மாலை வேளைகளிற் பலகையும் கையுமாக அவருடன் அமர்ந்து கணக்கு ஆராய்ந்தார். குடும்பத்தாரும் சென்னையில் உடன் வாழ்ந்தனர். இருதுணையும் ஒருங்கே வாய்த்த இக்காலத்தேதான், 1913 சனவரியில், ஹார்டிக்கு அவர் மடல் எழுதினார்.

1914இற் கேம்பிரிட்சு சென்றபின் நிலை மாறியது. ஹார்டி என்னும் ஒப்பற்ற அறிவுத் துணை கிடைத்தது. ஆனால் இல்லம் கடலுக்கு அப்பால் இருந்தது. உணவையும் தாமே சமைத்து உண்டார். 1917இல் நோயுற்றார், 1918இன் தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முற்பட்டுக் காப்பாற்றப்பட்டார். நோயும் போரும் இதற்குக் காரணங்களே. எனினும் அவற்றைத் தாங்கும் உறுதியைத் தனிமை அரித்துவிட்டது என்பதை மறுத்தல் இயலாது. அவ்வாண்டே அரச கழக உறுப்பினர் என்னும் பெருமையும் வந்தது. 1919இல் தாயகம் மீண்டவர், 1920 ஏப்பிரல் 26ஆம் நாள், 32ஆம் அகவையில் மறைந்தார்.

அமெரிக்க உளநூலறிஞர் லீடா ஹாலிங்வொர்த்து என்பார் எழுதி, அவர்தம் மறைவுக்குப்பின் 1942இல் வெளிவந்த நூலும் இம்முடிபுக்கு அரண் செய்கின்றது. முதிர்ந்தோர்க்குரிய அறிவும் குழந்தைக்குரிய உணர்ச்சியும் ஓருடலில் அமைவதே மேதைச் சிறுவர்தம் இடர் என்பது அவர் கருத்து.

ஆதலின், பரிசும் உதவித்தொகையும் மட்டும் போதா. மாணவன் கூறுவதைக் கேட்டறிய ஓர் ஆசிரியரும், தோற்றுத் திரும்பும்போது ஏற்றுக்கொள்ள ஓர் இல்லமும் வேண்டும். தேர்வில் ஒரு பாடத்தில் தவறிய மாணவனை நம் கல்லூரிகள் எவ்வாறு நடத்துகின்றன என்பதை எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.