வட்டம், சதுரம், அம்பு

இன்று கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், அரசாங்க ஆபீஸ் படி ஏறி இறங்கியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

கார்ல் ஆடம் பெட்ரி 1926-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். 1939 ஆகஸ்டில், 13 வயதில், வேதியியல் மாற்றங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு விளையாட்டுச் செய்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பொருளுக்கு வட்டம், மாற்றத்துக்குச் சதுரம், இரண்டையும் இணைக்க அம்பு. அடுத்த மாதமே போர் மூண்டது. ராணுவம், பிரிட்டிஷாரிடம் சிறைவாசம் எல்லாம் கடந்து, 1962-இல் இயந்திரங்களோடு தொடர்புகொள்வது பற்றிய ஆய்வேட்டில் தம் கோட்பாட்டை வெளியிட்டார். படங்கள் பிறகுதான் பரவின.

பிரெஞ்சில் வட்டத்தை 'ப்ளாஸ்' என்றும் அதிலுள்ள புள்ளியை 'ழெதோன்' என்றும் சொல்வார்கள். நாம் வில்லை என்போம். ஒரு சதுரத்துக்குள் அம்பு விடும் எல்லா வட்டங்களிலும் வில்லை இருந்தால்தான் அந்தக் காரியம் நடக்கும். நடந்ததும் அவை நீங்கி, அடுத்த வட்டங்களில் புதிய வில்லைகள் விழும்.

ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணை வந்தால்தான் பாக்கியில்லாச் சான்று என்கிறது கணக்குப் பிரிவு. சான்று வந்தால்தான் ஆணை என்கிறது நிர்வாகப் பிரிவு. வரைந்து பாருங்கள்: இரண்டு சதுரங்கள், இரண்டு காலி வட்டங்கள். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்கிறது. எந்தக் குமாஸ்தாவும் சோம்பேறி இல்லை; விதியிலேயே முடிச்சு. அந்த அம்மாள் நடையாய் நடந்தாலும் ஃபைல் அசையாது.

ஆயிரம் பேருக்கு ஆயிரம் படமா? வேண்டாம். 1981-இல் டென்மார்க்கின் கூர்ட் யென்சன் 'வண்ண வலை'யைக் கொண்டுவந்தார். வில்லையே பெயர், எண், தொகை என்று விவரம் சுமக்கும். ஒரே படம் எல்லோருக்கும் போதும். ஆனால் எந்த வில்லை போகலாம் என்று அம்பின்மேலும், என்ன நிபந்தனை என்று சதுரத்திலும் எழுத வேண்டும். பென்சிலும் ரப்பரும் இதற்குத் தாங்காது. அதனால் 1989-இல் கம்ப்யூட்டரில் வரையும் டிசைன்/சிபிஎன் வந்தது. பின்னர் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் சிபிஎன் டூல்ஸ். வட்டத்தை நகர்த்தினால் அம்புகளும் கூடவே வரும். எழுதியதில் பிழை இருந்தால் சிவப்பாகக் காட்டும்.

வட்டத்திலிருந்து நேரே வட்டத்துக்கு மட்டும் அம்பு போட முடியாது. நடுவில் ஒரு காரியம் நடந்தாக வேண்டும். ஃபைல் தானாக மேசை மாறாது என்பது நமக்குத் தெரியாததா?

உங்கள் மனு எங்காவது தங்கியிருந்தால், ஒரு தாளில் வட்டமும் சதுரமும் போட்டுப் பாருங்கள். எந்த வட்டம் காலி என்று தெரிந்துவிட்டால், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.