வெற்றுத் தோட்டா

வெற்றுத் தோட்டா என்பது குண்டு இல்லாத துப்பாக்கித் தோட்டா. பித்தளை உறை, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, அவ்வளவுதான். குண்டு உட்கார வேண்டிய வாயை மொட்டு குவிந்தது போல மடித்து மூடியிருப்பார்கள். சிலவற்றில் அட்டை வில்லை வைத்து அடைத்திருப்பார்கள். சுட்டால் சத்தமும் புகையும் தீயும் வரும். காவல்துறையினர் பேச்சில் இது 'பிளாங்க்'.

தமிழ்நாட்டில் பொதுமக்கள் இதன் சத்தத்தைக் கேட்பது பெரும்பாலும் அரசு மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்குகளில்தான். 2021 மே மாதம் தூத்துக்குடி மாவட்டம் இடைசெவலில் எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு அந்த மரியாதை கிடைத்தது. அதற்கு முந்தைய மாதம் சென்னையில் நடிகர் விவேக்குக்கு 78 குண்டுகள் முழங்கியதாகவும், 2020 செப்டம்பரில் தாமரைப்பாக்கத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு 72 முழங்கியதாகவும் செய்திகள் வந்தன. இந்த எண்கள் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்று கேட்பவர்கள் உண்டு. சுடுவது மூன்று சுற்று. 24 காவலர்கள் நின்றால் 72, 26 பேர் நின்றால் 78. மறைந்தவரின் தகுதியை அளக்கும் எண் அல்ல அது. பீரங்கியால் முழக்கும் 21 வேட்டு மரியாதை இதிலிருந்து வேறுபட்டது. செய்தி எழுதுவோர் இரண்டையும் அடிக்கடி குழப்பிவிடுகிறார்கள்.

இறுதிச் சடங்கு மரியாதைக்கு இந்தியக் காவல்துறை நெடுங்காலம் பயன்படுத்தியது .303 லீ-என்ஃபீல்டு ரைபிளை. வெற்றுத் தோட்டாவை ஏற்றும்போது அதில் ஏற்படும் சிக்கலைப் புரிந்துகொள்ளத் தோட்டாவின் அளவைப் பார்க்க வேண்டும். .303 தோட்டாவின் உறை மட்டும் சுமார் 56 மி.மீ. நீளம், குண்டும் சேர்ந்தால் சுமார் 78 மி.மீ. பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின், ஸ்பிரிங், தோட்டா ஏறிச் செல்லும் சரிவு எல்லாம் அந்த முழு நீளத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. போல்ட்டை முன்னே தள்ளும்போது தோட்டாவுக்கு வழிகாட்டுவது குண்டின் கூர்முனை. அதுதான் சரிவில் ஏறி, குழலின் பின்முனையில் உள்ள அறையின் வாயைக் கண்டுபிடித்து, பின்னால் வரும் உறையை இழுத்துச் செல்கிறது. வெற்றுத் தோட்டாவில் அந்த முனை இல்லை. ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் குறைந்து, மழுங்கிய வாயோடு அது மேகசினுக்குள் முன்னும் பின்னும் அசைகிறது. மூக்கு தாழ்ந்து சரிவில் முட்டுகிறது, அல்லது மேலே எழும்பி அறையின் விளிம்பில் இடிக்கிறது.

.303-க்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதன் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பு. மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டு நகராது. முழுத் தோட்டாவிலேயே இது நேரும். அசைய இடமுள்ள குட்டைத் தோட்டாவில் சொல்லவே வேண்டாம்.

ராணுவங்கள் இதற்குக் கண்ட தீர்வு, இல்லாத குண்டுக்குப் பதிலாக ஒரு பொய் மூக்கு. தொடக்க கால .303 வெற்றுத் தோட்டாக்களில் காகிதத்தால் செய்த போலிக் குண்டு இருந்தது. ஐரோப்பியப் படைகள் சில மரக்குண்டு வைத்தன. பிற்காலத்தில் உறையையே நீட்டி, குண்டின் வடிவில் குறுக்கிச் செய்தார்கள். இவற்றில் உறையை நீட்டுவதே நல்ல வழி, ஏனென்றால் காகிதத்தையும் மரத்தையும் போல அது சிதறி வெளியே பறக்காது.

பழைய மாதிரியில் இன்று புதிதாகச் செய்யப்படும் துப்பாக்கிகளில் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. 1959-ல் தொடங்கிய இத்தாலியின் உபெர்ட்டி நிறுவனம் 1860-இன் ஹென்றி, 1873-இன் வின்செஸ்டர் போன்ற ரைபிள்களை மறுபதிப்பாகச் செய்கிறது. திரைப்படங்களிலும் வரலாற்று நடிப்புகளிலும் இவற்றைக் காணலாம். குழலுக்கு அடியில் உள்ள குழாய் மேகசினிலிருந்து ஒரு தோட்டா பின்னால் வந்து ஒரு தூக்குக் கட்டையில் உட்காரும். நெம்புகோலை அசைத்தால் கட்டை அதை அறைக்கு நேராக உயர்த்தும். அந்தக் கட்டை சரியாக ஒரு தோட்டாவின் நீளம். குட்டைத் தோட்டா வந்தால் மிச்ச இடத்தில் அடுத்த தோட்டாவின் பின்பகுதி நுழைந்துவிடும். பாதி கட்டையிலும் பாதி குழாயிலுமாக அது குறுக்கே கிடக்க, கட்டை மேலே எழாது. அரத்தால் ராவியோ ஸ்பிரிங்கை மாற்றியோ இதைத் தீர்க்க முடியாது. தோட்டாவின் மொத்த நீளம் பொருந்தினால்தான் தீரும். ஹாலிவுட்டில் புழங்கிய 'ஃபைவ்-இன்-ஒன்' வெற்றுத் தோட்டா அப்படிப் பொருந்தும்படி மூன்று வகை ரிவால்வருக்கும் இரண்டு வகை ரைபிளுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது.

1799-இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கிழக்கிந்தியக் கும்பினிப் படையிடம் இருந்த மஸ்கட்டுகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கடித்து, மருந்தைக் குழலில் கொட்டி இடிக்கும் துப்பாக்கி அது. குண்டைப் போடாவிட்டால் அதுவே வெற்று வேட்டு.

வெற்றுத் தோட்டா ஏறுவது மட்டுமல்ல, வெடிப்பதும் உறுதியில்லை. 2019 ஆகஸ்டில் பீகாரின் சுபௌல் மாவட்டத்தில் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில், முதல்வர் நிதீஷ் குமார் முன்னிலையிலேயே, காவலர்களின் ரைபிள்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. வெற்றுத் தோட்டாக்கள் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடப்பவை. மருந்தும் பிரைமரும் ஈரம் கண்டால் கெடும். மணப்பாடு போல உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் பித்தளையில் களிம்பும் ஏறும். களிம்பேறிய உறை அறைக்குள் இறுகிக்கொள்ளும். சடங்குக்கு முன்பே அதே பெட்டியிலிருந்து சிலவற்றைச் சுட்டுப் பார்ப்பதும், மேகசினை நம்பாமல் ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றுவதும் மூன்று சுற்றுக்குப் போதுமானவை.



குண்டு இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணக் கூடாது. குழல் வாயிலிருந்து வரும் வாயுவின் வேகமே அருகில் இருப்பவரைக் கொல்லக்கூடும். 1984-இல் அமெரிக்க நடிகர் ஜான்-எரிக் ஹெக்சம் வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு இறந்தார். 1993-இல் நடிகர் பிராண்டன் லீ இறந்தது, குழலில் முன்பே சிக்கியிருந்த ஒரு குண்டுமுனையை வெற்றுத் தோட்டா தள்ளியதால். சுடும் முன் குழலுக்குள் பார்ப்பதும், யாரும் எதிரே இல்லாமல் வானை நோக்கிச் சுடுவதும் சடங்குகளிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் கட்டாயமாக வேண்டும்.