கடாரத்து மலைச்சாரலில் ஒரு சிவாலயம்

ஜொகூர் மாநில மக்களுக்குப் பத்து பகாட் என்னும் பெயர் புதியதன்று. செதுக்கிய கல் என்பது அம்மலாய்ச் சொற்களின் பொருள். இதே பெயர் கொண்ட குன்று ஒன்று நாட்டின் வடபுலத்தில், கெடா மாநிலத்து ஜெராய் மலைச்சாரலில் உள்ளது. புக்கிட் பத்து பகாட் எனப்படும் அக்குன்றின் செதுக்கிய கற்கள் ஒரு பழங்கோயிலுக்கு உரியவை.

சுங்கைப்பட்டாணி நகரிலிருந்து பீடோங், மெர்போக் வழியாக அடிவாரத்தை அடையலாம். 1980-இல் திறக்கப்பட்ட தொல்பொருள் காட்சியகம் அங்கு அமைந்துள்ளது. வழிகாட்டியுடன் வருவோர் அங்கிருந்து ஓடையை ஒட்டி மேலேறுவர். ஏற்றம் நெடியதன்று, முதியோரும் ஆங்காங்கே நின்று ஏறிவிடலாம். பின்னணியில் எழுந்து நிற்கும் ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். வங்கக் கடலைக் கடந்து கிழக்கு நோக்கி வந்த மாலுமிகளுக்கு இம்மலையே கரையின் அடையாளம். இதன் தென்புறத்து மெர்போக் ஆற்று முகத்தில் மரக்கலங்கள் ஒதுங்கின. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறையின் எச்சங்களும் வெளிப்பட்டன.

இந்நிலப்பகுதியே தமிழர் அறிந்த கடாரம். பட்டினப்பாலை கூறும் காழகம் கடாரமே என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கருத்து. கடாரம் என்றவுடன் 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்பே பலர் நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்திய நட்பினை நினைப்பவர் சிலரே. கடாரத்து அரசன் சூடாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை நிறைவு செய்தான். அந்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தான். சைவப் பேரரசன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்த இச்செய்தி, போர்ச் செய்தியினும் பெருமை குறைந்ததன்று.

இனி, குன்றின் மேல் உள்ள கோயிலைக் காண்போம். 1936, 1937 ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கில ஆய்வாளர் இப்பள்ளத்தாக்கின் கோயில் இடிபாடுகளை ஆராய்ந்து, அவற்றுக்கு எண்கள் இட்டார். இக்கோயிலின் எண் எட்டு. பின்னர் அலஸ்டர் லேம்ப் என்பவர் இதனை முழுமையாக அகழ்ந்து, 1960-இல் கற்களை அவற்றின் இடத்திலேயே அடுக்கி மீண்டும் எழுப்பினார். சதுரக் கருவறை, அதன் முன் மண்டபம் என இரண்டே பகுதிகள். கோபுரம் எங்கே என வினவுவோர் உண்டு. மண்டபத்தில் கல்லால் ஆன தூண் பீடங்கள் மட்டுமே உள்ளன. அவற்றின் மேல் நின்ற மரத்தூண்களும் கூரையும் இந்நாட்டு மழையில் மக்கிப் போயின.

அடியார்கள் ஊன்றி நோக்கத்தக்கது மற்றொன்று. கருவறையை அகழ்ந்தபோது லேம்ப் சிறு கற்பேழைகளைக் கண்டெடுத்தார். அவற்றில் ஒன்பது குழிகள்; குழிகளில் மணிக்கற்களும் உலோகத் துண்டுகளும், பொன், வெள்ளித் தகடுகளில் வெட்டிய சிற்றுருவங்களும் இருந்தன. ஆகமங்கள் விதிக்கும் கர்ப்பநியாசம் என்னும் சடங்கை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். இன்றும் நம் ஆலயத் திருப்பணிகளில் நவரத்தினங்களும் பொன்னும் இட்ட பின்னரே மூர்த்தியைப் பிரதிட்டை செய்கின்றனர். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மலைச்சாரலிலும் அம்முறை தெரிந்த ஒருவர் நின்று அச்சடங்கைச் செய்வித்திருக்கிறார்.

அவர் யார்? இராசேந்திரன் கட்டிய கோயில் என்று மேடைகளில் முழங்குவது எளிது. ஆனால் கட்டியவர் பெயர் கூறும் கல்வெட்டு எதுவும் இங்குக் கிடைக்கவில்லை. கோயிலமைப்பு முற்றிலும் சோழ நாட்டுப் பாணியும் அன்று. ஓடைக்கல்லும் உள்ளூர் மரமும் கொண்டு, இம்மண்ணின் மழைக்கேற்பக் கட்டிய கோயில் அது. உள்ளூர் அரசரும் இங்குத் தங்கிய வணிகரும் சேர்ந்து எழுப்பியிருத்தல் கூடும் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. வெற்றி கொண்ட மன்னன் நாட்டிய சின்னம் என்பதைவிட, வழிபட்டு வாழ்ந்த மக்களின் கோயில் என்பது நமக்கு நெருக்கமான செய்தியன்றோ!

பள்ளத்தாக்கின் எல்லாக் கோயில்களுக்கும் இத்தகைய பேறு வாய்க்கவில்லை. பதினோராம் எண்ணிட்ட கோயில், சுங்கை பத்துத் தோட்டத்தில், தனியார் நிலத்தில் இருந்தது. வழிபாடு இல்லை, மரபுச் சின்னமாக அரசிதழில் பதிவும் இல்லை. 2013-ஆம் ஆண்டில் வீடமைப்புத் திட்டத்திற்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது அது இடிக்கப்பட்டது. செய்தி வெளிவந்து நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபோது அங்கு மீட்பதற்கு அதிகம் இல்லை. பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங், பெண்டியாட் ஆகிய இடங்களிலிருந்த கோயில்களோ முன்பே பெயர்த்துக் கொணரப்பட்டு, காட்சியக வளாகத்தில் மீண்டும் அடுக்கப்பட்டன. குன்றேறிச் செல்வோர் அவற்றையும் வளாகத்திலேயே காணலாம்.