அளவெடுத்துச் செய்யும் சைக்கிள் பிரேம்: யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்திலும், பந்திங், மோரிப் பக்கம் போகும் சாலைகளிலும், உலு லங்காட் மலைப்பாதையிலும் பந்தய சைக்கிளில் செல்லும் நம்மவர்களைப் பார்க்க முடிகிறது. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டத் தொடங்கியதும் பலருக்கும் அதே புகார்கள் வருகின்றன: கை மரத்துப் போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது, முட்டி வலிக்கிறது. உடனே கூட ஓட்டும் நண்பர் ஒருவர், "உங்க உடம்புக்கு அளவெடுத்து பிரேம் செஞ்சிடுங்க" என்று ஆலோசனை சொல்வார்.

அப்படிச் செய்தால் பல ஆயிரம் வெள்ளி செலவாகும். செய்த பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது. வேறொருவருக்கு விற்பதும் எளிதல்ல. எனவே, முன்பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

தோட்டத்துச் சைக்கிள் தந்த பாடம்

தோட்டப்புறங்களில் பால்மரக் காட்டுக்குப் போன பழைய கறுப்புச் சைக்கிள்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் 22 அங்குலம், 24 அங்குலம் என இரண்டே அளவு. ஆள் குள்ளமோ நெட்டையோ, சீட்டை ஏற்றி இறக்கிச் சமாளிக்க வேண்டியதுதான். சிறுவர்கள் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமாக வளைத்து மிதித்தார்கள். கடைக்கும் பள்ளிக்கும் போய் வர அது போதுமானதாக இருந்தது. மூன்று மணி நேரம் ஒரே நிலையில் குனிந்து ஓட்டும்போதுதான் பொருந்தாத சைக்கிளின் தொல்லை உடம்பில் தெரிகிறது.

எஸ், எம், எல் வந்த கதை

ஐரோப்பாவில் முன்பு பந்தய வீரர்களுக்கு அளவெடுத்துத்தான் இரும்பு பிரேம் செய்தார்கள். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்த சைக்கிளை, இத்தாலியின் எர்னெஸ்டோ கோல்னாகோ அவருக்கென்றே செய்து கொடுத்தார்.

1990களின் பிற்பகுதியில் தைவானின் ஜயண்ட் நிறுவனம் மேல்குழாய் பின்பக்கம் சரியும் டிசிஆர் பிரேமைக் கொண்டுவந்தது. சீட் கம்பியையும் ஹேண்டில் ஸ்டெம்மையும் மாற்றிக்கொண்டால், சட்டை அளவைப் போல எஸ், எம், எல் என்று சில அளவுகளே பலருக்கும் பொருந்தும் என்பது அதன் கணக்கு. இன்று நாம் கடையில் பார்க்கும் பெரும்பாலான பிரேம்கள் இந்த வழியில் வந்தவைதான். இந்தக் கணக்கு பெரும்பாலோருக்குச் சரியாகவே வருகிறது. நாம் அதில் அடங்குகிறோமா, இல்லையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உயரம் ஒன்றே, கால் வேறு

கடையில் நம் உயரத்தைக் கேட்டு அளவு சொல்வார்கள். அது மட்டும் போதாது. கால் நீளத்தை வீட்டிலேயே அளக்கலாம். காலணி இல்லாமல் சுவரில் முதுகு படும்படி நில்லுங்கள். தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட் அழுத்துவது போல மேல்நோக்கி அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளவெடுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

இந்த அளவை 0.883ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். 1980களில் அமெரிக்க வீரர் கிரெக் லெமோண்ட் மூலம் பரவலான கணக்கு இது. தொடக்கப் புள்ளியாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

165 செமீ உயரமுள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் கால் அளவு 74 செமீ, மற்றவருக்கு 79 செமீ. முதல்வரின் சீட் உயரம் 65.3 செமீ, இரண்டாமவருக்கு 69.8 செமீ. காலில் நீளம் கூடினால் உடம்பில் குறைந்திருக்கும். அதாவது இரண்டாமவரின் சீட் உயரமாகவும், ஹேண்டில் கிட்டத்திலும் மேலேயும் இருக்க வேண்டும். உயரத்தை மட்டும் கேட்டால், இருவருக்கும் ஒரே பிரேம்தான் கிடைக்கும்.

ஸ்டாக், ரீச்: பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

பெடல் அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில் குழாயின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னே தள்ளி இருக்கிறது என்பது ரீச். தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இந்த எண்கள் இருக்கும். ஒரு நிறுவனத்தின் எம் அளவும் இன்னொரு நிறுவனத்தின் எம் அளவும் ஒன்றல்ல என்பதை இந்த எண்களே காட்டிவிடும். நீளமான கால், குட்டையான உடம்பு உள்ளவர்கள் ஸ்டாக் கூடிய, ரீச் குறைந்த பிரேமைத் தேட வேண்டும். நீண்ட தூரப் பயணத்துக்கென விற்கப்படும் மாடல்கள் பலவும் இந்த அமைப்பில் வருகின்றன. இப்படி ஒன்று கடையிலேயே கிடைத்தால் அளவெடுத்துச் செய்யும் செலவு மிச்சம்.

முதலில் ஃபிட்டிங், பிறகுதான் பிரேம்

இப்போது வைத்திருக்கும் சைக்கிளிலேயே முறையான ஃபிட்டிங் செய்துகொள்ளுங்கள். பிரேம் விலையோடு ஒப்பிட்டால் அதன் கட்டணம் சிறியது. பயிற்சி பெற்ற ஃபிட்டர் உங்கள் உடம்பின் வளைவுத்தன்மையைச் சோதிப்பார். ஓட்டும்போது முட்டி, இடுப்பு, தோள் கோணங்களைப் பார்ப்பார். சீட், ஸ்டெம், காலணிக் கிளீட் ஆகியவற்றை மாற்றி அமைப்பார். முடிந்ததும் எல்லா அளவுகளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரே நீண்ட ஓட்டத்தோடு முடிவுக்கு வராமல், புத்ராஜெயாவில் ஒரு நாள், மலைப்பாதையில் ஒரு நாள் எனச் சில வாரங்கள் ஓட்டிப் பாருங்கள்.

சரியான நிலை 80 முதல் 120 மிமீ வரையிலான ஸ்டெம்மிலும், அளவான வளையங்களிலும், சீட் அதன் தண்டவாளத்தின் நடுப்பகுதியிலும் அமைந்துவிட்டால், உங்களுக்குப் புதிய பிரேம் தேவையில்லை. மிகக் குட்டையான ஸ்டெம், மேலே அடுக்கடுக்காக வளையங்கள், சீட்டை முழுவதும் முன்னே தள்ளியும் போதவில்லை என்ற நிலை வந்தால்தான் பிரேம் பொருந்தவில்லை என்று பொருள்.

உண்மையில் யாருக்குத் தேவை?

முதலாவது, உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள். மிகச் சிறிய அளவு பிரேம்களில் சீட் குழாயைச் செங்குத்தாக்கி மேல்குழாய் குட்டையானது போல் காட்டுவார்கள்; ரீச் அவ்வளவாகக் குறைந்திருக்காது. பெரிய சக்கரமும் அதே 700சி என்பதால், மெதுவாகத் திரும்பும்போது காலணி முன்சக்கரத்தில் உரசலாம். சிறிய சக்கரத்துக்கென அளவெடுத்துச் செய்வது இவர்களுக்குப் பெரும் உதவி.

இரண்டாவது, மிக உயரமானவர்கள். மூன்றாவது, கால், உடம்பு விகிதம் பெரிதும் மாறுபட்டவர்கள். நான்காவது, விபத்தாலோ அறுவை சிகிச்சையாலோ முதுகை வளைக்க முடியாதவர்கள். வளரும் பிள்ளைகளுக்கும், ஓட்டத் தொடங்கி ஓராண்டு ஆகாதவர்களுக்கும் இது வேண்டாம். பழகப் பழக உடம்பின் எடையும் வளையும் தன்மையும் மாறும்.

வலிக்குக் காரணம் சைக்கிள்தானா?

எடி மெர்க்ஸ் 1969இல் ஒரு விபத்தில் இடுப்பிலும் முதுகிலும் அடிபட்டார். அதன்பின் வலி அவரை விட்டு முழுமையாகப் போகவில்லை. பந்தயத்தின் நடுவிலும் சீட் உயரத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். உலகின் தலைசிறந்த கைவினைஞர்கள் அவருக்குப் பிரேம் செய்து கொடுத்தார்கள். அப்படியும் உடம்பில் உள்ள காயத்தை பிரேமால் குணப்படுத்த முடியவில்லை.

நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். கால் மரத்துப்போதல், எரிச்சல் ஆகியவை ஓட்டாத நேரத்திலும் இருந்தால் அதைச் சைக்கிளின் தலையில் கட்ட வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு கால்களுக்கும் நீள வேறுபாடு இருப்பதாகச் சந்தேகம் வந்தாலும் இயன்முறை சிகிச்சையாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எந்த உலோகம்?

இரும்பு பிரேமை அளவுக்கு ஏற்பச் செய்வது எளிது, பழுதும் பார்க்கலாம். ஆனால் நம் நாட்டு ஈரத்திலும் வியர்வையிலும் துருப்பிடிக்கும். குழாய்களின் உட்புறத்திலும் துருத் தடுப்பு பூச வேண்டும். டைட்டானியம் துருப்பிடிக்காது, விலை கூடுதல். கார்பனுக்கு அச்சு தேவை என்பதால், ஒரே ஒருவருக்காக அளவை மாற்றிச் செய்வது கடினம், செலவும் அதிகம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

• குழாய் வெட்டும் முன் முழு வரைபடம் தருவார்களா? உங்கள் ஃபிட்டர் அதைப் பார்த்து ஒப்புதல் சொன்ன பிறகே கையெழுத்திடுங்கள்.

• வரைபடத்துக்கு மாறாக பிரேம் வந்தால் யார் பொறுப்பு?

• பற்றவைத்த இடம் விரிசல் விட்டால் எத்தனை ஆண்டு உத்தரவாதம்?

• ஐஎஸ்ஓ 4210 பாதுகாப்புத் தரத்தின்படி சோதிக்கப்பட்ட வடிவமைப்பா?

• பெடல் அச்சு, பிரேக், சக்கர அச்சு ஆகியவை நம் ஊர்க் கடையில் உதிரிப்பாகம் கிடைக்கும் வகையைச் சேர்ந்தவையா?

• வெளிநாட்டிலிருந்து வந்தால் அனுப்பும் செலவும் வரியும் விலையில் அடங்குமா? எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராதவரிடம் பணம் கட்ட வேண்டாம். ஃபிட்டிங்கில் கிடைத்த அளவுத்தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வாங்கப்போவது பழைய சைக்கிளாக இருந்தாலும், கடைச் சைக்கிளாக இருந்தாலும், அந்த எண்களை வைத்தே உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்கலாம்.