பூட்டிக் கிடந்த சிறைக்கூடத்தில் ஒரு தொழிற்பள்ளி

ஓ.ஐ.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வேலைப் பயிற்சி மையம் 1964 ஜனவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தொடங்கியது. நகரின் வடபகுதியில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சிறைக்கூடம்தான் அதன் முதல் கட்டடம். நிறுவியவர் லியோன் ஹோவர்ட் சல்லிவன் என்ற கறுப்பினப் போதகர். அரசுத் திட்டம் எதுவும் இதற்கு விதை போடவில்லை. நான்கு ஆண்டுகள் நடந்த ஒரு கடைப் புறக்கணிப்பின் கையோடு பிறந்த அமைப்பு இது. அந்தப் புறக்கணிப்பைத் தெரிந்துகொள்ளாமல் பள்ளி நடந்த விதத்தைப் புரிந்துகொள்வது கடினம்.

சல்லிவன் 1922 அக்டோபர் 16 அன்று மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், ஏழைகள் குடியிருந்த சந்து ஒன்றில் பிறந்தார். வளர்த்தது பாட்டி. விளையாட்டுக்காகக் கிடைத்த உதவித்தொகையில் கல்லூரியில் சேர்ந்தார். காயம்பட்டு அது நின்றுபோனதும் எஃகு ஆலையில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டினார். பதினெட்டு வயதிலேயே பாப்டிஸ்ட் போதகர் ஆனார். பிறகு நியூயார்க்கில் இறையியல் படிப்பு. ஹார்லெம் பகுதியில் ஆடம் கிளேட்டன் பவல் நடத்திய பெரிய திருச்சபையில் உதவிப் போதகர் பணி. 1950-ல் பிலடெல்பியாவின் சீயோன் பாப்டிஸ்ட் திருச்சபைக்கு வந்தவர், 1988 வரை அங்கேயே இருந்தார்.

அவர் வந்தபோது வட பிலடெல்பியாவில் வேலையில்லாத இளைஞர் கூட்டம் பெருகியிருந்தது. தென் மாநிலங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். நகரத்துப் பெரிய நிறுவனங்களோ கறுப்பினத்தவரின் காசை வாங்கிக்கொண்டன. துப்புரவு, சுமைதூக்கு வேலைகளுக்கு மேல் அவர்களை ஏறவிடவில்லை. சல்லிவன் முதலில் எழுதிக் கேட்டுப் பார்த்தார். பலன் இல்லை. 1960-ல் ஏறத்தாழ 400 கறுப்பினப் போதகர்கள் அவருடன் கைகோத்தார்கள்.

அவர்கள் கையாண்ட முறை எளியது. போதகர் குழு ஒன்று நிறுவனத்துக்குப் போய், எந்தப் பிரிவில் எத்தனை கறுப்பினத்தவர் வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்கும். பிறகு தன் கோரிக்கையைச் சொல்லிக் கெடு வைக்கும். நிறுவனம் மசியாவிட்டால், அடுத்த ஞாயிறு நானூறு பிரசங்க பீடங்களிலிருந்தும் ஒரே அறிவிப்பு வரும்: அந்தக் கம்பெனிச் சரக்கை வாங்காதீர்கள். ஊர்வலமோ முழக்கமோ இல்லை. சங்கம், பொருளாளர், கணக்குப் புத்தகம் எதுவும் இல்லாததால் வழக்குப் போடவும் ஆள் அகப்படவில்லை.

முதலில் மாட்டியது கேக் தயாரிக்கும் டேஸ்டி பேக்கிங் கம்பெனி. சரக்கு வண்டி ஓட்டி விற்பனை செய்ய இரண்டு பேர், அலுவலகத்தில் இரண்டு எழுத்தர், வெள்ளைக்காரப் பெண்கள் மட்டுமே இருந்த கேக் அலங்காரப் பிரிவில் மூன்று நான்கு கறுப்பினப் பெண்கள்: கோரிக்கை இவ்வளவுதான். அந்தக் கோடையிலேயே கம்பெனி இறங்கி வந்தது. அடுத்தடுத்து குளிர்பானம், பெட்ரோல், மளிகை என்று பல நிறுவனங்கள் வழிக்கு வந்தன. 1962-ல் மார்ட்டின் லூதர் கிங் இந்த முறையைக் கேட்டறிந்தார். அவருடைய இயக்கம் அட்லாண்டாவில் தொடங்கிய ‘ஆப்பரேஷன் பிரெட்பாஸ்கெட்’ திட்டம் இதை ஒட்டியே அமைந்தது.

கதவு திறந்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. இத்தனை கடைசல்காரர் வேண்டும், இத்தனை தட்டச்சர் வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்டபோது அனுப்ப ஆள் இல்லை. தலைமுறை தலைமுறையாக எந்தப் பட்டறைக்குள் விடப்படவில்லையோ, அந்தப் பட்டறையின் வேலையை அவர்கள் எங்கே கற்றிருப்பார்கள்? பயிற்சிப் பள்ளி வேண்டும் என்ற முடிவு இங்கேதான் பிறந்தது. வேலை கண்ணெதிரே காத்திருந்தது. அதற்கு ஏற்ற பயிற்சியைப் பிறகு உண்டாக்கினார்கள். முதலில் பயிற்சி கொடுத்துவிட்டு, பிறகு வேலை எங்கே என்று தேடும் திட்டங்களுக்கு அன்றும் பஞ்சமில்லை, இன்றும் இல்லை. ஓ.ஐ.சி.யின் வெற்றிக்குப் பெருங்காரணம் இந்த வரிசைதான் என்று சொல்ல வேண்டும்.

நகராட்சி அந்தப் பாழடைந்த கட்டடத்தை ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது. சல்லிவன் தம் வீட்டை அடகு வைத்தார். திருச்சபையினர் காணிக்கை திரட்டினர். உள்ளூர்த் தொழிற்சாலைகள் இயந்திரங்களை அனுப்பின. நுழைவுத் தேர்வு கிடையாது. வாசலுக்கு வந்தவர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். விரைவிலேயே காத்திருப்போர் பட்டியல் ஆயிரக்கணக்கில் நீண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், பள்ளிக்குப் பக்கத்துத் தெருவான கொலம்பியா அவென்யூவில் மூன்று நாள் கலவரம் வெடித்தது. இளைஞர்களுக்கு வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சான்று யாருக்கும் தேவைப்படவில்லை.

வந்தவர்களில் பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். சிலருக்கு எழுதப் படிக்கவே திணறல். நேராகக் கடைசல் இயந்திரத்தின் முன் நிறுத்தினால், அளவுகோலைப் படிக்க முடியாத வெட்கத்தில் மறுநாளே நின்றுவிடுவார்கள். அதனால் தொழில் வகுப்புக்கு முந்தைய படியாக ‘ஃபீடர்’ என்ற வகுப்பு வைத்தார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு. வேலை விண்ணப்பத்தை நிரப்புவது, நேர்காணலுக்கு உடுத்திப் போவது, நேரத்துக்கு வருவது. கூடவே கறுப்பின மக்களின் வரலாறு. இந்தக் கடைசிப் பாடத்தைப் பார்த்து, தொழிற்பயிற்சியில் இதற்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். உன்னால் ஆகாது என்று பிறந்தது முதல் கேட்டு வந்தவரை இயந்திரத்தின் முன் நிமிர்ந்து நிற்கவைக்க அது தேவை என்று சல்லிவன் கருதினார். தேறியவர்கள் உலோகத் தகடு வேலை, மின்னணுவியல், வரைபடம், விசைத் தையல், சமையல், ஆய்வக உதவி போன்ற பிரிவுகளுக்குப் போனார்கள். எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை, எந்த மாதிரி இயந்திரத்தில் பழக்க வேண்டும் என்று தொழிற்சாலைக்காரர்களைக் கேட்டே பாடத்திட்டம் வகுக்கப்பட்டது.

இதற்கு இணையாக 1962-லேயே திருச்சபைக்குள் இன்னொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 10 டாலர் வீதம் 36 மாதம் கட்ட வேண்டும். நம்மூர்ச் சீட்டுப் போலத்தான், ஆனால் ஏலம் கிடையாது, எடுப்பதும் கிடையாது. முதல் 16 மாதப் பணம் அறக்கட்டளைக்கு. மீதி 20 மாதப் பணம் தொழில் முதலீட்டுப் பங்குக்கு. ஐம்பது பேரைக் கேட்ட சல்லிவனுக்கு இருநூறுக்கு மேற்பட்டோர் கிடைத்தார்கள். அந்தப் பணத்தை அடிப்படையாக வைத்துக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. 1968-ல் புராட் தெருவில் கறுப்பினத்தவருக்கே சொந்தமான ‘புரோகிரஸ் பிளாசா’ வணிக வளாகம் திறக்கப்பட்டது.

பயிற்சி மையத்தின் புகழ் வெள்ளை மாளிகை வரை போனது. 1967 ஜூனில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நேரில் வந்து வகுப்புகளைப் பார்த்தார். மத்திய அரசின் நிதி பெருகியது; 1960களின் இறுதிக்குள் பல பத்து நகரங்களில் கிளைகள் முளைத்தன. பின்னர் வந்த தொல்லையும் இந்தப் பணத்தோடு சேர்ந்து வந்ததுதான். 1973-ன் வேலைப் பயிற்சிச் சட்டம் ஓ.ஐ.சி.யைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், நிதியைப் பங்கிடும் பொறுப்பை உள்ளூர் நிர்வாகங்களிடம் கொடுத்தது. ஒவ்வொரு ஊரிலும் கையேந்த வேண்டியதாயிற்று. 1980களில் ரீகன் ஆட்சி பயிற்சிச் செலவை வெட்டியபோது பல கிளைகள் ஒடுங்கின. காணிக்கையில் தொடங்கியது மானியத்தை நம்பி வளர்ந்தது. மானியம் வற்றியதும் தானும் மெலிந்தது.

சல்லிவனின் பெயர் உலகுக்குத் தெரிந்தது வேறொரு வழியில். 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். அந்த ஆண்டுப் பங்குதாரர் கூட்டத்திலேயே, நிறவெறி ஆட்சி நடத்தும் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கம்பெனி வெளியேற வேண்டும் என்று சக இயக்குநர்களுக்கு எதிராகப் பேசினார். தீர்மானம் தோற்றது. 1977-ல் தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தும் அமெரிக்க நிறுவனங்களுக்காக ஆறு நெறிகளை வகுத்தார். உணவுக்கூடத்திலும் கழிப்பறையிலும் நிறப் பிரிவினை கூடாது, ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பவற்றோடு, கறுப்பினத்தவரை எழுத்தர், தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. தொழிலாளியின் வீடு, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றிலும் நிறுவனம் அக்கறை காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. வட பிலடெல்பியாவின் அனுபவம் இந்த இரண்டிலும் அப்படியே தெரிகிறது. முதலில் 12 நிறுவனங்கள் கையொப்பமிட்டன, பிறகு நூற்றுக்கு மேல். நிறவெறி அரசைச் சகித்துக்கொள்ள நிறுவனங்களுக்கு இது நல்ல சாக்கு என்று எதிர்ப்பாளர்கள் சாடினார்கள். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. 1985-ல் சல்லிவனே இரண்டு ஆண்டு கெடு வைத்தார். நிறவெறிச் சட்டங்கள் அசையவில்லை. 1987-ல், எல்லா நிறுவனங்களும் வெளியேறட்டும் என்று அறிவித்துவிட்டார்.

இதற்கிடையே ஓ.ஐ.சி. முறை கானா, நைஜீரியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலும் வேரூன்றியிருந்தது. போதகர் பணியிலிருந்து ஓய்வு பெற்று அரிசோனாவில் குடியேறிய பிறகும் சல்லிவன் ஆப்பிரிக்கப் பணிகளை விடவில்லை. 1991-ல் அமெரிக்காவின் உயரிய குடிமை விருதான குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 2001 ஏப்ரல் 24 அன்று, ரத்தப் புற்றுநோயால் தமது 78-வது வயதில் காலமானார். அவர் நிறுவிய பயிற்சி அமைப்பு, பிலடெல்பியாவைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது.